பலூன் ஊதியவன் கனடா போன கதை

ஸ்காபரோவில் அக்காவின் மகளுக்கு 2023 ஓகஸ்டில் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான், போகாமல் இருக்க முடியாது. வெள்ளவத்தை வீட்டில் இருந்து வீசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்தபோது ஒரு கேள்வியில் கை நின்றுவிட்டது. எந்த நாட்டிலாவது கைதாகியிருக்கிறீர்களா, குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். லப்டொப்பை மூடிவிட்டு மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

2018 டிசம்பர் 31 இரவு. பம்பலப்பிட்டியில் நண்பன் வீட்டில் கொண்டாட்டம். ஆட்டோ பிடித்திருக்கலாம். மூன்று கிலோமீட்டர் கூட இல்லையே என்று காரை எடுத்தேன். காலி வீதியில் பொலிஸ் மறித்தது. சின்னக் கண்ணாடிக் குழாய், அதன் முனையில் பலூன், குழாய்க்குள் மஞ்சள் குருணை. நான் ஊத ஊத அது பச்சையாகிக்கொண்டு வந்ததை டோர்ச் வெளிச்சத்தில் அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஜனவரியில் கோர்ட், தண்டப்பணம், ஆறு மாதம் லைசன்ஸ் இரத்து. ஜூலையில் லைசன்ஸ் திரும்பக் கைக்கு வந்தது. எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை அதோடு சரி. சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிட்டது.

அறிமுகமான ஒரு வீசா ஏஜென்ட், "ட்ரஃபிக் கேஸ்தானே அண்ணை, இல்லை எண்டு போடுங்கோ. ஆர் தேடிப் பாக்கப்போகினம்?" என்றார். எழும்பி வந்துவிட்டேன். பொய் பிடிபட்டால் 5 வருடம் கனடா வாசலை மிதிக்க முடியாது. அது குடித்ததற்கு அல்ல, பொய்க்கு.

அதன் பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். குடித்துவிட்டு ஓட்டுவது கனடாவில் வெறும் போக்குவரத்துத் தவறு இல்லை, குற்றவியல் சட்டத்துக்குள் வருகிற குற்றம். வெளிநாட்டில் செய்ததையும் தங்கள் சட்டத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பொருந்தினால் உள்ளே விடமாட்டார்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அல்கஹோல் என்பதுதான் அங்கேயும் கணக்கு, இங்கேயும் அதே கணக்கு. ஆகவே அந்தப் பக்கத்தால் தப்ப வழியில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரேயொரு தவறு என்றால், தண்டனை முடிந்து பத்து வருடம் போனதும் அந்தத் தடை தானாகவே கழிந்துவிடும். 2018 டிசம்பர் 18இல் அதிகபட்சத் தண்டனையை 5 வருடத்திலிருந்து 10 வருடமாக ஏற்றினார்கள். அதனால் அது பாரதூரமான குற்றங்களின் வரிசைக்குப் போய்விட்டது. அதற்குப் பின் செய்தவர்கள் எத்தனை வருடம் காத்திருந்தாலும் தானாகக் கழியாது. நான் பலூன் ஊதியது சரியாக 13 நாள் கழித்து.

தண்டனை முடிந்து, லைசன்ஸ் தடையும் முடிந்து 5 வருடம் ஆனால், திருந்திவிட்டேன் என்று நிரந்தரமாகத் தீர்க்க விண்ணப்பிக்கலாம். எனக்கு அது 2024 ஜூலையில்தான். கல்யாணம் அதுவரை நிற்குமா? மிச்சம் இருந்தது தற்காலிக அனுமதி ஒன்றுதான். அப்போது கட்டணம் 200 கனடிய டொலர், மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள்.

அதற்காகக் கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடைக்கு அலைந்தேன். வழக்குப் பதிவேட்டின் பிரதி எடுக்கவே பல நடை. கையில் வந்தது முழுக்கச் சிங்களம். பக்கத்து ஒழுங்கையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்ட பெரியவர். மோட்டார் வாகனச் சட்டம் 151ஆம் பிரிவு என்ற இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தார். "கொஞ்சம் மென்மையாகப் போடலாமா ஐயா?" என்று கேட்டேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நான் சத்தியம் பண்ணினவன் தம்பி. இருக்கிறதைத்தான் எழுதுவேன்."

போகவேண்டிய காரணத்தையும் நடந்ததையும் விளக்கிக் கடிதம் ஒன்றும் வேண்டும். நண்பர்கள் வற்புறுத்தியதால் குடித்தேன் என்று நான் எழுதியிருந்ததை மனைவி வாசித்துவிட்டு, "ஒருத்தரும் உங்கட வாயிலை ஊத்தேல்லை" என்று வெட்டினாள். கடைசியில் அரைப் பக்கம்தான் மிஞ்சியது. அதுவே நல்ல கடிதம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அனுமதி கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தது. கட்டுநாயக்காவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வழியில் நான்கு மணி நேரம் இருந்து விமானம் மாறி, ரொறன்ரோ பியர்சனில் இறங்கினால், எதிர்பார்த்தபடியே தனியாக ஒரு பக்கம் உட்காரச் சொன்னார்கள். மடியில் ஃபைல். பக்கத்தில் ஒரு அம்மா கருவாட்டுப் பார்சலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரிப் பெண் என் தாள்களைப் புரட்டி, "அதற்குப் பிறகு ஏதாவது?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஒரு தாளை அச்சடித்து பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ள் அடித்துத் தந்தார். வெளியே அத்தான், "ஏனடா இவ்வளவு நேரம், கருவாடு கொண்டு வந்தனியோ?" என்றார். நான் மறுக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது, சாப்பாடு சுமார். நான் எலுமிச்சைச் சாற்றோடு நின்றுகொண்டேன்.

2024 ஜூலை தாண்டியதும் நிரந்தரத் தீர்வுக்கு விண்ணப்பிக்க மறுபடியும் புதுக்கடை. கட்டணம் இந்தமுறை ஆயிரம் டொலருக்கு மேல். பெரியவர் அதே மேசையில் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"திரும்பக் குடிச்சிட்டு ஓட்டினீங்களா தம்பி?"

"இல்லை ஐயா. அதே கேஸ்தான்."