வில்லின் முதுகில் மான் நரம்பு ஒட்டிய கதை

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நரம்பு என்று நான் சொல்வது கறிக்கடைப் பேச்சில். தசையை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் வெள்ளை நார். புத்தகத் தமிழில் தசைநாண். வில்லில் கட்டும் கயிறும் நாண்தான் என்பதால் இங்கே நரம்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் பெண்ட் ஊரில். ஊரைச் சுற்றி ஜூனிப்பர் மரம்தான். மேய்ச்சல் நிலத்துத் தண்ணீரையெல்லாம் குடித்துவிடுகிறது என்று பண்ணைக்காரர்கள் வெட்டித் தள்ளுவார்கள். அப்படிச் சாய்த்த ஒரு மரத்திலிருந்து ஐந்தடித் துண்டு ஒன்று சும்மா கிடைத்தது. இரண்டு வருடம் காயவைத்து, 54 அங்குல வில்லாகச் செதுக்கினேன்.

இந்த மரத்தில் ஒரு சிக்கல். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பட்டென்று போய்விடும். வில்லை வளைக்கும்போது நம்மைப் பார்த்திருக்கும் பக்கம், அதாவது வயிறு, அமுங்குகிறது. மறுபக்கம், அதாவது முதுகு, இழுபடுகிறது. மரம் நூற்றில் ஒரு பங்கு நீள்வதே பெரிய விஷயம். நரம்பு அதைப்போலப் பல மடங்கு நீண்டு திரும்பும். அதனால் முதுகில் நரம்பு.

இது ஒன்றும் என் யோசனை இல்லை. பக்கத்து நெவாடாவில், பழங்குடிகள் உயிரோடு நின்ற ஜூனிப்பரிலிருந்தே வில்லுக்கான மரத்துண்டைப் பிளந்தெடுத்த தழும்புகளோடு இன்றும் மரங்கள் நிற்கின்றன. 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் தன்னந்தனியாக வந்து நின்ற யாஹி இனத்தவரான இஷியும் ஜூனிப்பர் வில்லில் மான் நரம்பு ஒட்டியவர். அவரோடு பழகிய மருத்துவர் சாக்ஸ்டன் போப் அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்து 1918இல் எழுதி வைத்தார். இஷி நரம்பை வாயில் போட்டு மென்றே நாராக்குவாராம். பசைக்கு சால்மன் மீன் தோலைக் காய்ச்சுவாராம். நானும் ஒரே ஒரு நாரை மென்று பார்த்தேன். சுத்தியலே போதும் என்று தோன்றிவிட்டது.

அக்டோபர் வேட்டைக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் அவர் கூட்டாளிகளும் மூன்று மான்களின் கால்களைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு கால். எங்கள் வீடு சைவம். மனைவி கார் ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கதவைக் காட்டி, "இந்தக் கோட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது" என்றாள். நியாயம்தான்.

நரம்பை உரித்து எடுத்து, ஒட்டியிருந்த உறையைச் சீவி, இரண்டு வாரம் காயவைத்தேன். காய்ந்தபின் மஞ்சள் கண்ணாடிக் குச்சி மாதிரி ஆகிவிடும். அதை மரக்கட்டையில் வைத்து, முனை மழுங்கிய சுத்தியலால் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் நார் அறுந்துபோகும்; மெதுவாக, விடாமல். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி நிறம் போய் வெளுத்து, தேங்காய் நார் போலப் பிரியும். ஒரு காலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் கையில் நின்றது 95 கிராம் நார். முழுக் குளிர்காலமும் இதிலேயே போனது என்று சொன்னாலும் பொய்யில்லை. ஒட்டும் வேலை இரண்டே மதியம்தான்.

அடுத்தது பசை. தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. நம் ஊர்த் தச்சர்கள் வச்சிரம் என்பார்கள். சிறுவயதில் எங்கள் தெருவில் நாற்காலி செய்பவர் வீட்டில் வந்த அதே நாற்றம், மூடியைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. குருணையை இரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு டம்ளரில் போட்டு, அந்த டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி உருக்கினேன். நேரடியாக அடுப்பில் வைத்தால் பசை வலு இழக்கும்.

இங்கேதான் சறுக்கினேன். பேச்சு சுவாரசியத்தில் வெப்பமானியைப் பார்க்கவில்லை. முதல் கற்றையை முக்கியதும் அது கண் முன்னாலேயே சுருண்டு, பாதி நீளமாகி, ரப்பர் துண்டாகிவிட்டது. பார்த்தால் 78 டிகிரி. நரம்பும் பசையும் ஒரே சரக்குதான்; 60 தாண்டினால் நரம்பும் வேகத் தொடங்கும். கை பொறுக்கும் சூடு, ஒரு 50, அதுதான் கணக்கு. ஒரு மணி நேரம் தட்டியெடுத்த நார் போச்சு.

வில்லின் முதுகைச் சாம்பல் தண்ணீரால் தேய்த்து எண்ணெய்ப் பசையைப் போக்கி, நீர்த்த பசையை மூன்று பூச்சுப் பூசிக் காயவைத்திருந்தேன். நாரையும் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் கழுவி, பென்சில் பருமனில் கற்றை கற்றையாக அடுக்கியாயிற்று. கற்றையை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில், பிறகு பசையில் முக்கி, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்து மிச்சப் பசையை வழித்து, பிடியிலிருந்து முனையை நோக்கிப் படுக்கவைத்துச் சீப்பால் வாரிவிட வேண்டும். அடுத்த கற்றையின் நுனி பக்கத்துக் கற்றையின் நுனியோடு நேராக வரக்கூடாது. செங்கல் அடுக்குகிற மாதிரி. ஜனவரிக் குளிரில் பசை நொடியில் உறைந்தது. மகள் ஹேர் டிரையரோடு வில்லைச் சூடாக்கிக்கொண்டே வந்தாள். பலாப்பழம் உரித்த கை எப்படியிருக்கும், அப்படி இருந்தது முழங்கை வரை.

பசை இறுகியதும் இரண்டு முனையையும் முதுகுப் பக்கமாக இழுத்து ஒரு கயிறு கட்டினேன். பத்து நாள் கழித்து இரண்டாவது அடுக்கு.

அப்புறம் காத்திருப்பு. எத்தனை நாள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். எனக்குத் தராசுதான் வழிகாட்டி. முதல் நாள் 712 கிராம். ஒரு வாரம் மடமடவென்று இறங்கி, பிறகு நாளுக்கு ஒரு கிராம், அரை கிராம். இரண்டாம் வாரம் ஒரு நாள் காலையில் பார்த்தால் இறுக்கிக் கட்டிய கயிறு தொய்ந்து தொங்குகிறது. அவிழ்ந்துவிட்டதோ என்று முடிச்சைப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. நரம்பு காய்ந்து சுருங்கி, நான் கயிற்றால் இழுத்து வைத்ததற்கும் மேலே வில்லை இழுத்துவிட்டது. ஓர் அங்குலம் இருந்த பின்வளைவு இரண்டே முக்கால் ஆகியிருந்தது. சும்மா மேசையில் கிடந்த பொருள் செய்த வேலை இது!

வில்லின் கீழ்ப்பாதி ஓரத்தில் மட்டும் இரண்டு அங்குலம் ஒட்டவில்லை. நகத்தால் தட்டினால் மற்ற இடத்தில் கெட்டிச் சத்தம், அங்கே வெற்றுச் சத்தம். என் கைரேகை எண்ணெயாகத்தான் இருக்கும். நீர்த்த பசையை ஊசியால் உள்ளே விட்டு, துணிப்பட்டையால் சுற்றி இன்னும் பத்து நாள்.

ஏப்ரலில் 574 கிராமில் நின்றது. பத்து நாளாக அசையவில்லை. அதன்பிறகே நாண் ஏற்றினேன். முதல் இழுப்பில் முதுகிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்ததும் வில்லைக் கீழே வைத்துவிட்டேன். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், மேலே படிந்திருந்த பசைத் தோல்தான் மயிரிழையாக வெடித்திருந்தது. நார் ஒன்றும் எழும்பவில்லை. அரை அங்குலம் அரை அங்குலமாகக் கூட்டி, ஒரு வாரத்தில் 24 அங்குலத்துக்குப் போனேன். நரம்பு ஒட்டுமுன் வில்லை இழுக்க 30 பவுண்டு விசை வேண்டியிருந்தது, இப்போது 41.

மே மாதம் மூன்று நாள் அடைமழை. ஷெட்டில் மாட்டியிருந்த வில்லை இழுத்தபோது கை லேசாக இருந்தது. 36 பவுண்டுதான். தராசில் வைத்தேன், 586 கிராம். இப்போது அது வீட்டுக்குள், மனைவி போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம், ஹீட்டருக்கு மேலே தொங்குகிறது. "காயறவரைக்கும்தான்" என்றாள்.