இரண்டு துடிப்புகளுக்கு நடுவே

“அக்கா, இடது கண்ணை மூடாமப் பாருங்க” என்று ஸ்டுடியோத் தம்பி மூன்றாவது முறையாகச் சொன்னபோதுதான், மூடுவது நானல்ல என்று அவரிடம் சொன்னேன்.

6 ஆண்டுகளாக என் இடப்பக்க முகம் தானாகத் துடிக்கிறது. முதலில் கீழிமையில் மட்டும் இருந்த துடிப்பு, பிறகு கன்னத்துக்கு இறங்கி, இப்போது உதட்டோரத்தையும் சேர்த்து இழுக்கிறது. முகத் தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பை, அது மூளைத்தண்டிலிருந்து புறப்படும் இடத்திலேயே ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால் வந்தது இது. தூக்கத்தில்கூட முழுதாக நிற்பதில்லை. போடாக்ஸ் ஊசி போட்டால் 3, 4 மாதம் அடங்கியிருக்கும், பிறகு திரும்பிவிடும்.

வலி இல்லை.

ஆனால் பேருந்தில் எதிரே இருக்கும் ஆணின் பார்வை மாறுவதைக் கண்டு நான் அவசரமாகத் தலையைக் குனிந்துகொள்கிறேனே, அதற்கு எந்த ஊசியும் இல்லை. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்று ஆறுதல் சொல்பவர்களிடம் கோபப்படவும் மனம் வருவதில்லை.

அந்தத் தம்பி கேமராவைத் தாழ்த்திவிட்டுச் சற்று நேரம் என் முகத்தையே கவனித்தார். இப்படிப் பார்வையை விலக்காமல் என்னை ஒருவர் பார்த்து வெகுநாளாகிவிட்டது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வரும் சிறு இடைவெளிக்காகக் காத்திருந்து, சரியாக அங்கே பொத்தானை அழுத்தினார்.

படத்தில் இரண்டு கண்களும் திறந்திருக்கின்றன.