பங்கு வாங்கிய வீடு

சென்ற ஆடி மாதம், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "நியூயார்க்குல சொந்தமா வீடு வாங்கிட்டதா ஒங்கப்பன் சொல்றான். பத்திரம் ஒம் பேருலதானே இருக்கு?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அந்த நிறுவனத்தில் எனக்கும் என் கணவருக்கும் 310 பங்குகள் இருக்கின்றன. அந்தப் பங்குகளின் பேரில், நான்காம் மாடியில் உள்ள ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் குத்தகையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'குத்தகை' என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத மண்ணில் அந்தச் சொல்லுக்கு உள்ள கனம் வேறு.

"குத்தகைக்கா இவ்வளவு பணத்தக் கொட்டுன?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். 2021ஆம் ஆண்டு வீடு தேடத் தொடங்கியபோது எங்களுக்கும் அதே கலக்கம் இருந்தது. ஆனால் எங்கள் கையிருப்புக்கு, மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த, கூடத்தில் ஊஞ்சல் கட்டலாம் போன்ற விசாலமான வீடு அந்த நகரத்தில் இப்படிப் பங்கு வாங்கிக் குடியேறும் கூட்டுறவுக் குடியிருப்பில்தான் கிடைக்கும். குயின்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில், 1920களில் எழுந்த செங்கல் கட்டடங்களுள் ஒன்று எங்களுடையது. அந்த வட்டாரத்தை உருவாக்கிய குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன், கட்டடங்களைத் தெருவை ஒட்டி எழுப்பி, நடுவே பொதுத் தோட்டம் விட்டது. முதன்முதலில் அந்தத் தோட்டத்தை எட்டிப் பார்த்தபோது, எங்கள் வீட்டு முற்றம்தான் என் நினைவுக்கு வந்தது.

பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம் என்பதும் இல்லை. ஏற்கெனவே குடியிருப்பவர்களில் சிலரைக் கொண்ட நிர்வாகக் குழு, எங்கள் வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, தெரிந்தவர்களின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றையும் வாங்கிப் படித்துவிட்டு, நேர்காணலுக்கும் அழைத்தது. வேண்டாம் என்று முடிவு செய்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட அவர்களுக்கு இல்லை. பெண் கொடுக்கும் வீட்டார் விசாரிப்பதைப் போன்ற அந்த விசாரிப்பில் முதலில் மனம் சுருங்கியது உண்மை. ஒருவர் மாதக் கட்டணத்தை நிறுத்தினால் அந்தச் சுமை மற்ற எல்லார் தலையிலும் விழும் என்பது பின்னர் புரிந்தபோது, அந்தக் கவனத்தின் மேல் எனக்கு மரியாதையே வந்தது.

வீட்டின் நிலையோ மிகவும் பரிதாபமாக இருந்தது. சமையலறையைப் பல்லாண்டுகளாக யாரும் தொட்டதில்லை. சுவரை விரல் முட்டியால் தட்டினால் பல இடங்களில் 'பொத்' என்று கேட்டது. மெல்லிய மரப்பட்டிகளின் மேல் பூசிய பழைய காரை, பிடி விட்டு உப்பி நின்றது. அதைவிடப் பெரிய கவலை சாயத்தில் இருந்தது. நியூயார்க் நகரம் வீடுகளில் ஈயச் சாயத்தை 1960இல் தடை செய்தது. அதற்கு முந்திய கட்டடம் என்றால் சுவரில் ஈயம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. சுரண்டும்போது எழும் தூசு குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் அறைகளை பிளாஸ்டிக் விரிப்பால் அடைத்து வேலையை முடிக்கும் வரை, வாடகை வீட்டை விட்டு நாங்கள் அசையவில்லை. இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொந்தச் சுவரை இடிப்பதற்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். வரைபடம், ஒப்பந்தக்காரரின் காப்பீடு, வைப்புத்தொகை, வேலை நேரம் எல்லாம் அதில் அடக்கம். வட்டாரம் 1993இல் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால், தெருப்பக்கத்து ஜன்னலை மாற்ற நகரத்தின் தனி அனுமதியும் தேவை. குளியலறையைச் சற்று நகர்த்திப் பெரிதாக்கலாம் என்று நினைத்திருந்தோம். கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேலே நீர் புழங்கும் அறை வரக் கூடாது என்று குழு மறுத்துவிட்டது.

2022 மார்கழியில் அப்பா வந்து எங்களோடு தங்கினார். அந்தக் கட்டடத்தில் நிலவறைக் கொதிகலனிலிருந்து நீராவி குழாய் வழியே, ஒவ்வொரு வீட்டிலும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு ஏறுகிறது. குளிர்ந்து நீரானதும் அதே குழாயில் இறங்குகிறது. எங்கள் கூடத்து ரேடியேட்டர் இரவில் சம்மட்டியால் அடிப்பது போல இடித்தது. அப்பா இரண்டு இரவுகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை, என் மகளின் தண்ணீர் பாட்டிலில் முக்கால் பங்கு நீர் நிரப்பி, அதை ரேடியேட்டரின் மேல் படுக்கவைத்தார். காற்றுக் குமிழ் மெதுவாக நகர்ந்து, குழாய் வந்து சேரும் வால்வுப் பக்கம் ஒதுங்கியது. "பாரும்மா, தண்ணி ஓடுற வாட்டம் தப்பா இருக்கு. தண்ணி திரும்பிப் போக வழி இல்லாம உள்ளயே தேங்குது, ஆவி வந்து அதுல மோதுது" என்றார். வால்வுக்கு எதிர்ப்புறக் காலின் அடியில் மெல்லிய மரத்துண்டு ஒன்றைச் செருகினார். குமிழ் மறுபக்கம் போயிற்று. அன்று இரவு சத்தம் இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும் தண்ணீர் வந்து சேரப் பல நாட்கள் காத்திருக்கும் கடைமடையில் வாழ்நாளெல்லாம் வயலைச் சமன் செய்தவர் அவர். வாட்டம் பார்க்க அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அடுத்த பங்குனியில் குளியலறை வேலை நடந்தபோது, ஒப்பந்தக்காரர் பழைய வால்வு ஒன்றை நம்பிக் குழாயை அறுத்தார். அது நீரைப் பிடிக்கவில்லை. கட்டடப் பொறுப்பாளர் ஓடிப் போய் நிலவறையில் பொதுக் குழாயை அடைப்பதற்குள், தண்ணீர் தரை வழியே மூன்றாம் மாடிக்கு இறங்கிவிட்டது. நான் துண்டுகளை அள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். கொலம்பியாவிலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாக அங்கே வாழும் பாட்டியம்மா, படுக்கையின் மேல் பெரிய சமையல் பானையை வைத்துவிட்டு, விதானத்தில் பரவிய ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எங்கள் ஊரில் மேல்வயலின் வரப்பு உடைந்து கீழ்வயலில் நீர் பாய்ந்தால், மேல்வயல்காரர்தான் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்க வேண்டும். காப்பீட்டுப் பணத்துக்குக் காத்திராமல் பாட்டியம்மா வீட்டு விதானத்தை முதலில் பூசிக் கொடுத்தோம். எங்கள் பின்னறைக்கு ஒதுக்கிய பணம் அதில் போயிற்று.

இதையெல்லாம் கேட்ட பெரியப்பா, "அப்ப வாய்க்கா பொது, மடை அவங்கவங்களுது" என்றார். அவ்வளவுதான் விஷயம். பொதுக் குழாய், கூரை, கொதிகலன் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. சுவருக்கு உள்ளே எங்கள் பூச்சும் கிளைக் குழாய்களும் எங்கள் பொறுப்பு. மாதக் கட்டணம் என்பது, ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்தைப் போன்றது. "தூர்வார வராதவன என்ன செய்வாங்க?" என்று கேட்டார். தொடர்ந்து கட்டாவிட்டால் குத்தகையை ரத்து செய்து பங்குகளை விற்றுவிடலாம் என்றேன். அவர் நெடுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னறை இன்னும் பூசப்படவில்லை. ஆனால் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டுக்குச் சூடு தர வேண்டும் என்பது நகரத்தின் சட்டம்; அந்தக் காலம் தொடங்குவதற்குள் அந்த அறையின் ரேடியேட்டருக்கும் வாட்டம் பார்த்துவிடச் சொல்லி, 2018இல் கஜா புயல் கூரையைத் தூக்கிய பிறகு வீட்டை எடுத்துக் கட்டியபோது வாங்கிய ரசமட்டத்தை, அப்பா பழைய வேட்டித் துண்டில் சுற்றி என் பெட்டியில் வைத்தார்.