ஸ்னோ விழ முதல்

நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது மார்க்கம் றோட்டில் வெள்ளைக் கோடுகளைப் பார்த்தேன். பெரிய சீப்பொன்றை நனைத்துத் தார் மேல் இழுத்துவிட்ட மாதிரி, நீட்டு நீட்டாக. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் இதைப் பெயின்ற் என்று நினைத்திருக்கிறேன். உண்மையில் அது உப்புத்தண்ணீர். ஸ்னோ விழ முதலே தெளித்துவிட்டால் தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் தாரில் நிற்கும், பிறகு விழுகிற ஸ்னோ இறுகிப் பிடிக்காது, பிளவ் (ஸ்னோ தள்ளும் வண்டி) வந்து தள்ளும்போது இலகுவாகக் கிளம்பிவிடும். எண்ணெய் தடவிய கல்லில் தோசை வார்க்கிற அதே கதைதான். கோடு தெரிந்தால் எனக்கும் வீட்டில் வேலை தொடங்குகிறது என்று அர்த்தம்.

பெரிய றோட்டுகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 5 சென்ரிமீற்றர் விழுந்தால் அங்கே பிளவ் ஓடத் தொடங்கிவிடும். எங்களைப் போல உள்தெருவில் இருப்பவர்களுக்கு 8 வரை பொறுக்க வேண்டும். (1999 ஜனவரியில் அடுத்தடுத்து விழுந்து நகரம் மூடுண்டபோது மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே கூப்பிட்டார், வேறு மாகாணத்து ஆட்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.) என் பிரச்சினை றோட்டு முடிந்து வீட்டுவாசல் தொடங்குகிற அந்த ஐந்தாறு அடி.

முதல் வருசம் அதிலேதான் விழுந்தேன். ஆனையிறவு உப்பைக் கறிக்குப் போட்டு வளர்ந்தவனுக்கு உப்பைப் பற்றி யார் சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்பு. சைபருக்குக் கீழே 18, நான் ஒரு மூட்டையை முழுக்கக் கொட்டிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன். வந்து பார்த்தால் உப்பும் கிடக்கிறது, ஐஸும் கிடக்கிறது, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்கு மேல் கால் வைத்து, சறுக்கி, முழங்கை வீங்கினதுதான் மிச்சம். சாதாரண கல்லுப்பு சைபருக்குக் கீழே 10ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். அந்தக் குளிருக்கு மணல்தான். மணல் எதையும் உருக்காது, ஆனால் கால் பிடிக்கும். இப்போது கராஜில் இரண்டும் வைத்திருக்கிறேன், உப்பைக் கைப்பிடி கணக்கில்தான் தூவுகிறேன், ஏனென்றால் அது எங்கேயும் போய்விடுவதில்லை, உருகி ஓடைக்கும் ஏரிக்கும்தான் போகிறது.

அடுத்தது பிளவ் தள்ளிவிட்டுப் போகும் மதில். நீங்கள் ஒரு மணித்தியாலம் குனிந்து வாசலை வழித்து முடித்திருப்பீர்கள், அது வந்து முழங்கால் உயரத்துக்கு அடைத்துவிட்டுப் போகும், அதுவும் பஞ்சு மாதிரி ஸ்னோ இல்லை, கல்லு மாதிரி இறுகினது. ஸ்காபரோ பக்கம் அதைத் திறந்துவிடப் பிறகு வேறு வண்டி வரும், ஆனால் விடிய வேலைக்குப் போகிறவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒரு பழைய ஆள் சொல்லித் தந்த வித்தை இது: றோட்டைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பிளவ் உங்கள் இடக்கைப் பக்கமிருந்து வரும். அதனால் வாசலுக்கு இடப்பக்கம், றோட்டோரமாக ஒரு கார் அளவு இடத்தை முதலே வழித்து வையுங்கள், பிளவ் சுமந்து வருவதில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்திலேயே கொட்டிவிடும். அள்ளுகிற ஸ்னோவை எல்லாம் வலப்பக்கம் போடுங்கள். தெருவில் நிற்கும் காரையும் எடுத்துவிட வேண்டும், ஒரு கார் நின்றால் பிளவ் வளைந்து போகும், அந்த வளைவு அப்படியே உறைந்து கிழமைக்கணக்கில் கிடக்கும்.

இதெல்லாம் முதுகு வலியோடு போய்விடும். 2013 டிசம்பர் அப்படியில்லை. நத்தாருக்கு முந்தின சனி ஞாயிறு விழுந்தது ஸ்னோ இல்லை, ஐஸ் மழை. மேலே சூடான காற்றில் உருகித் தண்ணீராக வந்து, கீழே பட்ட இடத்திலேயே உறையும். கொப்பு, வயர், கார்க் கதவுப் பூட்டு எல்லாம் கண்ணாடி. இரவிரவாக மரக்கொப்பு முறிகிற சத்தம், எங்கள் ஆட்கள் பலருக்கு அது வேறு சத்தத்தை ஞாபகப்படுத்தியிருக்கும். ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கறண்ட் போனது.

இருட்டு எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் வருசக்கணக்காகப் படித்தவர்கள் நாங்கள். அதுதான் பிழையாகிப் போனது என்று நினைக்கிறேன், தெரிந்த விசயம் என்ற தைரியம். இங்கே கறண்ட் போனால் ஹீற்றரும் போகும், காஸில் எரிந்தாலும் காற்றைத் தள்ளும் விசிறிக்குக் கறண்ட் வேண்டும். சரி, கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து மூட்டுவோம் என்று அந்த நாட்களில் எத்தனையோ வீட்டில் நினைத்தார்கள். ஊரில் குசினிக்கு ஓட்டு இடுக்கும் யன்னலும் உண்டு, புகை தன் வழியில் போகும். இங்கே வீடு போத்தலுக்கு மூடி போட்ட மாதிரி. கார்பன் மொனொக்சைட் மணக்காது, கண் எரியாது, நித்திரை வருவது மாதிரித்தான் இருக்கும். ஆம்புலன்ஸுகள் அதற்காகவே ஓடின.

அதனால் என் ஆயத்தம் இப்போது பக்கத்து வீட்டு ஆச்சி வீட்டில்தான் தொடங்குகிறது. அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது, தனிய இருக்கிறா. மூன்று நாளைக்குக் காணுமான தண்ணீர், மருந்து, பற்றரி, கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று ஒரு அழுத்து. அப்புறம் வெளிச்சுவரில் ஹீற்றரின் வெள்ளைக் குழாய், ஸ்னோ குவிந்து அது அடைபட்டால் ஹீற்றர் நின்றுவிடும், அதைச் சுற்றி வழி விட வேண்டும்.

இன்றைக்குப் போனபோது சிரித்தா.

“ஏன் தம்பி கஸ்டப்படுறாய், என்னட்டை விளக்கு கிடக்கு.”

“விளக்கு சரி ஆச்சி, அந்தக் கரி மூட்டை எங்கே?”

“குசினிக்குள்ளைதான், நனையாமல் வைச்சிருக்கிறன்.”

ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் கராஜில், மணலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஏப்ரலில் திருப்பிக் கொடுப்பேன்.