ஸ்டீவன்ஸ் ஃபேவரிட்: நூறு வயசு ரைபிளும் நாலு மாதப் பொறுமையும்

கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ டூ ரைபிளில் ஐந்து ரவுண்டு சுட்டதோடு சரி. அதன் பிறகு துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஓஹாயோவில் குடியேறி, க்ரீன் கார்டும் வந்த பிறகு, போன மார்ச்சில் ஒரு கடையின் மூலையில் இதைப் பார்த்தேன். சின்ன ரைபிள், லீவரைக் கீழே தள்ளி ஒரு தோட்டா மட்டும் போடலாம். அட்டையில் "1894, ஆன்டிக்" என்று எழுதியிருந்தார்கள்.

குழலின் மேல் இருந்த எழுத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜே. ஸ்டீவன்ஸ் ஏ அண்ட் டி (ஆர்ம்ஸ் அண்ட் டூல்) கோ, சிக்கோபீ ஃபால்ஸ், மாசசூசெட்ஸ். அதோடு ஏப்ரல் 17, 94 என்று ஒரு தேதி. அட்டைக்குக் காரணம் இதுதான். ஆனால் அது காப்புரிமை பெற்ற தேதி. ரைபிள் செய்த தேதி இல்லை. இந்த மாடலின் பெயர் ஃபேவரிட்; பல வருஷம் கழித்துச் செய்த ஃபேவரிட்டிலும் அதே தேதிதான் இருக்கும். ஸ்டீவன்ஸை 1915-ல் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் வாங்கியது, ரஷ்யாவுக்கு மோசின் ரைபிள் செய்துகொடுக்க. அதை ஒட்டிக் கம்பெனி பெயரும் மாறிவிட்டது. ஆக, 'ஏ அண்ட் டி' இருந்தால் அதற்கு முந்தையது. எவ்வளவு முந்தையது என்று குழல் சொல்லவில்லை. அமெரிக்கச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்ததுதான் ஆன்டிக். இதில் நிச்சயம் இல்லாததால், படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையும் முடித்துத்தான் வாங்கினேன். கடைக்காரருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது.

அடியில் உள்ள திருகைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடுகிறது. விளக்கில் பிடித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. உள்ளே முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அந்தக் காலத்து பிரைமரில் (தோட்டாவில் முதலில் தீப்பற்றும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டதும் அது உப்பாகப் படிந்து, ஈரத்தை இழுத்து, இரும்பைத் தின்னும். கரும்பொடியின் கரி அந்த உப்பை ஓரளவு கலைத்துவிடும். புகையில்லாப் பொடி வந்ததும் அந்தத் தயவும் போயிற்று. 1920-களின் பின்பாதியில் அரிக்காத பிரைமர் வரும்வரை .22 குழல்களுக்கு இதே கதிதான்.

ஃபேவரிட் .25, .32 குழல் அளவுகளிலும் வந்தது. குழலில் .22 லாங் ரைஃபிள் என்று தோட்டா வகை போட்டிருந்தாலும் யாராவது துளையைப் பெரிதாக்கியிருக்கலாமே என்று ஒரு சந்தேகம். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டை மரக் குச்சியால் குழலுக்குள் தள்ளி அளந்தேன். 0.223 அங்குலம். சரி, .22-தான்.

அடுத்தது லீவர். மூடிய பிறகும் ஆடியது. ஃபேவரிட்டில் பிளாக்கை, அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புத் துண்டை, மேலே தாங்கி நிற்பது லீவரும் இணைப்பும் அவற்றின் பின்களும்தான். அந்தப் பின்கள் தேய்ந்தால் பிளாக்குக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி. தோட்டாவின் விளிம்பு அங்கே தாங்கலில்லாமல் வெடித்தால் வாயு நேராகச் சுடுபவரின் கண்ணுக்கு வரும். சுட்ட காலிக் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) ஒன்றின் அடியில் செலோடேப்பை அடுக்கடுக்காக ஒட்டி மூடிப் பார்த்தேன். நாலு அடுக்குக்கும் மூடியது! துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். துளைகளைச் சீராக்கி, சற்றுப் பெரிய பின்களைக் கடைந்து போட்டுத் தந்தார். இப்போது இரண்டாவது அடுக்குக்கே மூட மறுக்கிறது. இதிலேயே இரண்டு மாதம் போனது.

நடுவில் ஒரு பாடம்: காலியாக வைத்து விசையை அழுத்திப் பார்க்கும் ஆசை வரும், கூடாது. இது ரிம்ஃபயர், தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் வகை. உள்ளே தோட்டா இல்லாவிட்டால் ஊசி நேராகக் குழலின் விளிம்பில் போய் இடித்துப் பள்ளம் போடும்.

ஜூலையில் ரேஞ்ச் அதிகாரியிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கி, ரைபிளைப் பழைய டயரில் கட்டி, விசையில் கயிறு கட்டி, பத்து மீட்டர் தள்ளித் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று இழுத்தேன். கண்ணாடியும் காதடைப்பும் போட்டுத்தான். சாதுவான தோட்டாவாக இருக்கட்டும் என்று முதலில் லாங் ரைஃபிளைவிடக் குட்டையான .22 ஷார்ட். ஐந்தும் நல்லபடியாகப் போயின. பிறகு லாங் ரைஃபிள், ஸ்டாண்டர்டு வெலாசிட்டி: 40 கிரெயின் எடையுள்ள குண்டு, வினாடிக்கு சுமார் 1,070 அடி. ஹை வெலாசிட்டி 1930 வாக்கில்தான் வந்தது, இந்த ரைபிளுக்கு அது அந்நியம்.

லாங் ரைஃபிள் கேஸ்கள் மட்டும் சிக்கின. குச்சியால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துப் பார்த்தால் விளிம்பு ஒழுங்காக இருக்கிறது, புகைக்கறை இல்லை, ஆனால் நடுவில் மெல்லிய ஒரு வளையம் புடைத்திருந்தது. அடியிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். ஷார்ட் கேஸ் முடியும் இடம்! லாங் ரைஃபிள் கேஸ் 15.6. விலை குறைவு என்று யாரோ பல வருஷம் ஷார்ட்டையே போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். ஷார்ட் கேஸின் வாய்க்கு முன்னால், தோட்டா உட்காரும் அறை அரித்து, அந்தப் பள்ளத்துக்குள் பித்தளை போய் அமுங்குகிறது. சாது என்று நான் நம்பி முதலில் போட்டதும் அதே ஷார்ட்தான்.

பித்தளை பிரஷும் கரைப்பானுமாக இரண்டு மாலை தேய்த்தேன். கரியாகப் படிந்திருந்தது வந்துவிட்டது, அரிப்பு அப்படியேதான். இப்போது பத்தில் மூன்று கேஸ்தான் சிக்குகிறது. 25 கெஜத்தில் ஐந்து ரவுண்டு இரண்டு அங்குலத்துக்குள் விழுகிறது, அந்தத் தழும்புக் குழலுக்கு இது அதிகமே. குழலுக்குள் புது உறை போடலாம் என்று பழுது பார்த்தவர் சொல்கிறார். ரைபிளுக்குக் கொடுத்த விலையைவிட அது அதிகம். மிச்சமிருந்த ஷார்ட் டப்பாவை நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.