இது நம்ம தோட்டத்துல இறங்குமா?

"மாமா, இது நம்ம தோட்டத்துல இறங்குமா?"

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது, அக்கா மகன் கைப்பேசியில் பறக்கும் காரைக் காட்டிக் கேட்டான்.

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி செம்மண் குழியில் சிக்கி உறுமியது. பின்சக்கரத்துக்கு அடியில் பலகை செருகி, நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

மண்ணில் சிக்கினால் தள்ள ஆள் வரும். வானத்தில்?

பாரம்தான் பெரிய சிக்கல். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல். ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் 250 சொச்சம்தான். செங்குத்தாக எழும்பவே அதில் நிறைய கரைந்துவிடும்.

காசும் கரைகிறது. பறக்கும் வாகனம் செய்ய முயன்ற ஜெர்மனியின் லிலியம் நிறுவனம் 1 பில்லியன் டாலருக்கு மேல் திரட்டியும் 2024-ல் நொடித்துப்போனது.

ஆனாலும் 2023-ல் ஈஹாங் நிறுவனத்தின் விமானி இல்லாத பறக்கும் வாகனத்துக்குச் சீனா சான்றிதழ் கொடுத்தது. இரண்டு பேர் ஏறலாம், சுமார் 30 கிலோமீட்டர் பறக்கும்.

இங்கிருந்து கிட்டத்தட்ட ஈப்போ நகரம் வரை.

பாட்டிக்கு மூச்சு முட்டிய அந்த மழை இரவில், இதே சாலையில் எங்கள் கார் ஊர்ந்தது நினைவுக்கு வந்தது. பாட்டி என் விரலை விடவேயில்லை.

"இறங்கணும்டா," என்றேன். "முதல்ல நோயாளிக்கு இறங்கணும்."