கையிருப்புப் புத்தகத்தில் இல்லாத கையிருப்பு

2022 மார்ச்சில் கொழும்பில் கடதாசி விற்பவரும் வாங்குபவரும் ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. கடதாசிக் கடைகள் உள்ள மலிபன் வீதியில் காலையில் சொன்ன விலை மத்தியானம் இருக்காது. மார்ச் முடியும்போது மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்.

நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சிறிய அச்சகத்தில் கணினி வடிவமைப்புச் செய்கிறேன். பில் புத்தகம், கடிதத்தாள், திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்ட் என்று போகிற இடம். முதலாளி அந்த வருஷம் புது டிஜிட்டல் மெஷின் ஒன்றுக்குக் கதைத்து வைத்திருந்தார். இறக்குமதிக்கு வேண்டிய எல்.சி.யை, அதாவது கடன் பத்திரத்தை, வங்கி திறக்கவில்லை. "சரி, இருக்கிறத வச்சுப் பாப்பம்" என்றார். இருக்கிறது என்னென்ன என்று அதுவரை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கட்டிங் மெஷினில் நிற்கும் ஐயா ஹட்டன் பக்கத்திலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்தவர். தாளை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே அது எத்தனை ஜீ.எஸ்.எம்., அதாவது சதுர மீற்றருக்கு எத்தனை கிராம், என்று சொல்லிவிடுவார். ஒரு துண்டைக் கிழித்து ஈரப்படுத்தி, அது எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்த்து இழை ஓடும் திசையைச் சொல்வார். இதெல்லாம் தெரிந்த மனிதரை வெட்டுகிற வேலைக்கு மட்டும்தான் கூப்பிடுவோம். அளவைத் தீர்மானிப்பது கஸ்டமரும் நானும். அவர் கைக்குப் போகும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

கடதாசி ரீம் கணக்கில் குறையத் தொடங்கிய ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். திரையில் 6க்கு 9 அங்குலத்தில் ஒரு பில் புத்தகம். "மகள், இத ரெண்டு பக்கமும் அரை அங்குலம் கொறைக்க ஏலாதா?" என்று கேட்டார். பேனாவை வாங்கி ஒரு கழிவுத் துண்டில் கீறிக் காட்டினார். டெமி தாள் 17½க்கு 22½ அங்குலம். அதில் 6க்கு 9ஐ நெடுக்காகவும் குறுக்காகவும் எப்படித் திருப்பி வைத்தாலும் ஐந்துக்கு மேல் வராது. 5½க்கு 8½ என்று வைத்தால் இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் இரண்டு, மொத்தம் எட்டு. 500 தாள் உள்ள ஒரு ரீமில் 2500 பில் வந்த இடத்தில் 4000. கஸ்டமரிடம் தொலைபேசியில் கேட்டேன். விலை குறையுமென்றால் சந்தோஷம் என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஓடரும் முதலில் ஐயாவிடம் போய்த்தான் என்னிடம் வரும். மூலையில் கட்டிப் போட்டிருந்த வெட்டுத் துண்டுகளையும் அவரே பிரித்தார். எங்கள் பெரிய ஒஃப்செட் அச்சு மெஷினில் ஏறாத சின்னத் துண்டுகள் அவை. இலக்கம் போட மட்டும் வைத்திருந்த பழைய ஹைடல்பேர்க் பிளேட்டன் மெஷினில் அழகாக ஏறின. அர்ச்சனைச் சீட்டு, டோக்கன், விசிட்டிங் கார்ட் எல்லாம் அதில்தான் அடித்தோம். அந்த வகை மெஷின் செய்வதை 1985லேயே நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டால் இன்னும் ஓடுகிறது. வேலை நடுவில் ஐயா வாழைச்சேனைத் தாளைப் பற்றிச் சொல்லுவார். 1956இல் தொடங்கிய அந்த ஆலையில் நம் வயல் வைக்கோலில் கடதாசி செய்தார்கள். "கொஞ்சம் சொரசொரப்புத்தான், ஆனா பேனா நல்லா ஓடும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை எனக்கும் தொற்றிக்கொண்டது.

பைண்டிங்கில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். நீர்கொழும்புப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம். அந்தக் கரையில் அப்படிப் படித்தவர்கள் நிறையப் பேர். சிங்கள எழுத்து வேலையை நாங்கள் வெளியே காசு கொடுத்துச் செய்வித்துக்கொண்டிருந்தோம். மின்வெட்டு நேரத்தில் ஜன்னலோரம் எல்லோரும் சேர்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, இது பிழை" என்று ஒரு வரியைக் காட்டினாள். சிங்களத்தில் ந, ண இரண்டும் பேச்சில் ஒரே மாதிரித்தான் ஒலிக்கும், எழுத்தில் வேறு. அது இடம் மாறிக் கிடந்தது. இன்னும் மூன்று பக்கத்தில் வேறு பிழைகளும் கண்டுபிடித்தாள். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கல்லியே அக்கா."

எங்கள் கையிருப்புப் புத்தகத்தில் மை எத்தனை டின், பிளேட் எத்தனை, நூல் எத்தனை உருண்டை எல்லாம் இருக்கும். யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு பக்கம் கிடையாது. வேலைக்கு எடுக்கும்போது அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் கேட்டு முடித்துவிடுகிறோம். மிச்சத்தை அந்த மனிதர் தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, தினமும் திரும்பக் கொண்டுபோகிறார்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்ற பேச்சு முதலாளிமாருக்கு மிகவும் வசதியான பேச்சு. ஒருவரிடம் புதிதாக ஒரு திறமையைக் கண்டுபிடித்தால், மறுநாள் முதல் அதை இலவசமாக வாங்கப் பார்ப்பார்கள். அந்தத் தங்கச்சி சிங்களப் புரூப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, தொடங்கியதும் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று நான் முதலாளியிடம் சொன்னேன். வெளியே கொடுத்த காசில் பாதியையாவது கொடுங்கள் என்று கணக்கோடு போனேன். கொஞ்சம் முகம் சுளித்தார், கொடுத்தார். இப்போது அவள் காலையில் புரூப் மேசையில் இருக்கிறாள், பின்னேரம் பைண்டிங்.

ஐயா விஷயம் இன்னும் முடியவில்லை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, கண்ணும் முன்னைப்போல் இல்லை. அவர் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திப் பழக்கச் சொல்லி முதலாளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மெஷினுக்கு இரண்டு சம்பளமா என்கிறார். ஒரு ரீமில் 2500க்கும் 4000க்கும் உள்ள வித்தியாசத்தை ரூபாவாக்கி எழுதி, போன கிழமை அவர் மேசையில் வைத்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.